கட்டிலுக்கு அடியில் மேஸ்திரி

அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலிலும் உள்ளேயுமாக இருந்தவர்கள் இவர்கள்தான்: சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்தபடி நைனா, வாசற்காலில் இரண்டு கைகளையும் ஊன்றி அவருக்கு வழிவிடாமல் அம்மா, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் தெருவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஏழுமலை மாமா, பக்கத்து வீட்டிலிருந்து வந்து அம்மாவின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்துவிட்ட பத்மா அத்தை, சுவரோடு ஒட்டிக்கொண்டு நான், கட்டிலுக்கு அடியில், இருட்டில், மேஸ்திரி.

மேஸ்திரி எங்கள் பூனை. இத்தனை பேர் முகமும் நினைவில் இருந்தாலும் அந்த நாளை நினைத்தால் முதலில் வருவது ஒரு நெடிதான். கண்ணைக் கரிக்கிற மூத்திர நெடி. பினாயில் ஊற்றிக் கழுவினாலும் சாம்பிராணி போட்டாலும் சிமெண்டுத் தரையை விட்டுப் போகாத நெடி. பல நாளாக நாங்கள் எல்லோரும் அதை மூக்கில் வாங்கிக்கொண்டுதான் இருந்தோம். அது எதைச் சொல்கிறது என்று மட்டும் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் அன்றைக்குத்தான் குனிந்து உள்ளே வந்தாள்.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் பயத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது ஒரு பூனைக் கதை மாதிரி ஆகிவிடும். கோலார் தங்க வயலில் நாங்கள் இருந்தது தகரக் கூரை போட்ட, ஒன்றோடு ஒன்று முதுகு ஒட்டிய வீடுகளின் வரிசை. அதை 'லைன்' என்போம். லைனில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் எந்த நேரமும் தரைக்கு அடியில் இருந்தார்கள். நைனாவுக்கு, சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் இருக்க மரம் கட்டி முட்டுக்கொடுக்கிற வேலை. மற்ற பிள்ளைகள் தெருவில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடும்போது நான் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். நான் குதித்தால் கீழே நைனாவின் தலையில் மண் உதிரும் என்று நினைத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. கால் வலிக்கிறது என்பேன், "கெழவி" என்று பெயர் வைத்தார்கள், சரி என்று இருந்துவிட்டேன்.

ஆழத்தில் எங்கேயோ பாறை தாங்க முடியாமல் வெடித்து உடையும். அதை எங்கள் ஊரில் 'ஏர்பிளாஸ்ட்' என்போம். மேலே இருக்கிற எங்களுக்கு, அலமாரியில் சொம்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும், கூரைத் தகரம் ஒரு தரம் உதறிக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருகிற மௌனம்தான் கொடியது. லைனில் எல்லாப் பெண்களும் கையில் எது இருந்ததோ அதோடு வாசலுக்கு வந்து நிற்பார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள், எல்லோருக்கும் காது மட்டும் சுரங்கத்துச் சங்கின் பக்கம் இருக்கும். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஊதினால் அது சாதாரணச் சங்கு. நேரம் கெட்ட நேரத்தில் ஊதினால், ஆட்கள் கீழே இறங்குகிற வாயான ஷாப்டுக்கு ஓட வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து பார்த்தால் ஷாப்டின் மேலே இரும்புக் கோபுரமும் அதன் உச்சியில் பெரிய சக்கரமும் தெரியும். ஆட்களை ஏற்றி இறக்குகிற 'கேஜ்' அந்தச் சக்கரத்தில்தான் தொங்கியது. சக்கரம் சுற்றினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நான் கணக்கைப் பார்த்ததைவிட அந்தச் சக்கரத்தைப் பார்த்தது அதிகம். டீச்சர் என்னை ஜன்னலை விட்டுத் தள்ளி உட்காரவைத்தார். அதன் பிறகு சக்கரமும் தெரியாமல் கணக்கும் புரியாமல் போனது.

மேஸ்திரி எங்களிடம் வந்ததும் ஒரு ஏர்பிளாஸ்டினால்தான். தகரக் கூரை காற்றில் பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் கல் ஏற்றி வைத்திருப்போம். ஒரு மழைக்காலத்தில் தரை ஆடியபோது அப்படி ஒரு கல் உருண்டு, கீழே சுவரோரம் ஒதுங்கியிருந்த ஒரு குட்டிப் பூனையின் இடுப்பில் விழுந்தது. செத்துவிடும் என்று நினைத்தோம், சாகவில்லை. பின்னங்கால் இரண்டும் வாலும் செத்தன. இடது கண்ணில் பால் படிந்தாற்போல் ஒரு வெள்ளை விழுந்தது. முன்னங்கால்களை ஊன்றி, பின்பக்கத்தை ஈரத்துணியைப் போல இழுத்துக்கொண்டு அது போகும்போது சிமெண்டுத் தரையில் "சர்... சர்..." என்று சத்தம் வரும்.

அதன் குணம் யாருக்கும் பிடிபடாது. தானாக வந்து மடியில் ஏறும், கழுத்தைச் சொறிந்துகொடுக்கச் சொல்லி முகத்தைத் தூக்கிக் காட்டும், சொறிந்துகொண்டிருக்கும்போதே கையைக் கடிக்கும். ஒரு நாள் கருவாட்டுத் தலைக்காக வீடு அதிரக் கத்தும், மறுநாள் அதே கருவாட்டை முகர்ந்துவிட்டு எங்களை ஏதோ தப்புச் செய்தவர்களைப் போலப் பார்க்கும். ஏழுமலை மாமாதான் பெயர் வைத்தார். அவர் நைனாவோடு ஒரே ஷிப்ட், ஒரே கேஜ், தினமும் எங்கள் வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போவார். "ஒரு வேலையும் செய்யறதில்ல, ஒக்காந்த எடத்துலயே எல்லாரையும் மொறைக்குது. இது பூனையில்ல மச்சான், மேஸ்திரி" என்றார். அதுவே நிலைத்தது.

இப்படிப்பட்ட ஒரு பூனையை வேறு இடமாக இருந்தால் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே பூதிகோட்டை பக்கம் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். எங்கள் லைனில் அப்படிப் பேச முடியாது. பேசினால் கோவிந்தன் மாமாவுக்குக் கேட்கும். பத்மா அத்தையின் வீட்டுக்காரர் அவர். கீழே ஒரு ஏர்பிளாஸ்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல், பக்கத்து வீட்டில் கதவோரமாகப் போட்ட இரும்புக் கட்டிலில் ரேடியோவோடு படுத்திருந்தார். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் மூங்கில் தட்டியின்மேல் மண் பூசிய சுவர்தான், நாங்கள் தும்மினால் அவர் "நூறு வயசு" என்பார். காலையிலும், இரண்டாவது ஷிப்டுக்குப் போவதற்கு முன்னாலும், நைனாவும் ஏழுமலை மாமாவும் அங்கே போய் அவரைத் தூக்கிப் புரட்டிப் போட்டுவிட்டு வருவார்கள். நான் மேஸ்திரியை எடுத்துக்கொண்டு போனால் தன் நெஞ்சின்மேல் விடச் சொல்வார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கம்ப்ளெயிண்டு செல்வி. இன்னா, அவருக்குப் பென்ஷன் இல்ல, எனக்கு மீச கொஞ்சம் கம்மி" என்பார். அவரை மட்டும் மேஸ்திரி கடித்ததே இல்லை.

பிறகு அந்த விபரீதம் தொடங்கியது. ஒரு நாள் காலையிலிருந்தே மேஸ்திரி கட்டிலுக்கு அடியில் போய் மூலையில் ஒடுங்கிக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. சாப்பிடவில்லை, கூப்பிட்டால் வரவில்லை. அன்று மதியம் தரை ஆடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்மா சொம்புகளை எடுத்து அடுக்கிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் குழாயடியில், பூனைக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அடிபட்ட ஜீவன் அல்லவா, அதன் வயிறு எந்நேரமும் தரையோடு தரையாகத்தானே கிடக்கிறது, நமக்குத் தெரியாத அசைவு அதற்குத் தெரியாதா என்று நாலு பேர் சேர்ந்து பேசினால் நம்பாமல் இருக்க முடியுமா? அடுத்த தரமும் ஏறக்குறைய அப்படியே நடந்தது. அவ்வளவுதான், லைன் முழுக்கப் பரவிவிட்டது.

ஷிப்டுக்குப் போகிறவர்கள் எங்கள் வாசலில் சைக்கிளை மிதித்து நிறுத்தி, தலையை உள்ளே நீட்டி, "மேஸ்திரி இன்னா சொல்றாரு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். ஆனால் பதிலைக் கேட்காமல் யாரும் போக மாட்டார்கள். "சாப்ட்டாரு" என்று அம்மா சொன்னால் மணி அடித்துக்கொண்டு போவார்கள். "ஒரு மாதிரி கீறாரு" என்றால் முகம் மாறும், சிரிப்பு மட்டும் பாக்கி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோவிந்தன் மாமா கத்துவார்: "அடிபட்டவனுக்குத்தான் தெரியும்னா எங்கிட்ட வந்து கேளுங்கடா! மூணு ஷிப்டுக்கும் நானே சொல்றேன்!"

எனக்கு அது விளையாட்டாக இல்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். அது கண்ணை மூடித் தூங்கினால் அந்த நாள் பிழைத்தது. காது பின்னால் மடிந்து, அந்த ஒற்றை நல்ல கண் மட்டும் இருட்டில் பச்சையாக மின்னினால் அன்றைக்கு நைனாவின் முகத்தைப் பார்க்கவே மாட்டேன். நாளாக ஆக, என் புத்தி வேறு வழியில் போய்விட்டது. அது கோபமாக இருப்பதால்தான் பாறை உடைகிறது, அதைச் சந்தோஷமாக வைத்துவிட்டால் பாறை சும்மா இருக்கும் என்று தோன்றிவிட்டது. என் டீயில் ஊற்ற வேண்டிய பாலை அதற்கு ஊற்றினேன். ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் அம்மா கருவாடு வாங்கும்போது கூட நின்று, கடைக்காரரிடம் உடைந்த தலைகளைக் கெஞ்சி வாங்கினேன். கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, "சிரிடா மேஸ்திரி, ஒரே ஒரு தடவ சாப்புடுடா" என்று அழுவேன். அது கையை நீட்டிக் கீறும். என் முன்கை முழுக்கக் கோடுகள். டீச்சர் கேட்டபோது முள்வேலி என்றேன்.

அந்தக் கோடையில்தான் சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு பலமாக அடிபட்டது. வேலைக்கு ஒழுங்காக வராதவர்களின் பெயர்தான் முதலில் போகும் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். உண்மையோ பொய்யோ, பயம் உண்மை. அப்படிப்பட்ட நேரத்தில் மேஸ்திரி சாப்பாட்டை நிறுத்தியது. கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. கிட்டே போனால் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம், பூனையின் சத்தமே இல்லை அது, மாவு மில் கல் சுற்றுவதைப் போல ஒரு சத்தம். அம்மா முதல் நாள் நைனாவின் காலைப் பிடித்து நிறுத்தினாள். இரண்டாம் நாள் அழுது நிறுத்தினாள். கீழே ஒன்றும் நடக்கவில்லை. "நடக்கல இல்ல, இன்னும் நடக்கல" என்றாள். அவள் சொன்ன அந்த 'இன்னும்' எனக்குக் காதைவிட்டுப் போகவில்லை. பாறை எங்களுக்காகக் காத்துக்கொண்டிருப்பதாகவே நினைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம்தான் நான் முதலில் சொன்ன அந்த நாள்.

"வழிய உடு லட்சுமி. இன்னைக்கும் போவலன்னா எம்பேர அடிச்சிடுவாங்க" என்றார் நைனா.

"பேர அடிச்சா அடிக்கட்டும். ஆளு இருந்தா போதும்."

"ஆளு இருந்து இன்னா பண்றது? களி எங்கருந்து வரும்?"

தெருவிலிருந்து ஏழுமலை மாமா, "அக்கா, மேஸ்திரி இன்னைக்கும் லீவு குடுத்துட்டாரா? எனக்கும் சேத்துக் கேளுங்க" என்றார். அவர் வழக்கம்போலக் கிண்டலாகத்தான் சொன்னார், ஆனால் சைக்கிளில் ஏறவில்லை. அவருக்கும் தனியாகப் போகப் பயம் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. பெரியவர்கள் பயப்படுவதை நேரில் பார்ப்பதைப் போலக் குழந்தைக்குக் கெட்டது வேறு இல்லை. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இந்தப் பக்கம் போனால் பாறை, அந்தப் பக்கம் போனால் பட்டினி, நடுவில் ஒரு பூனை.

அப்போதுதான் பத்மா அத்தை வந்தாள். மாமாவைப் புரட்டிப் போட இன்னும் ஆள் வரவில்லையே என்று தேடிக்கொண்டு வந்தவள், சண்டையைப் பார்த்து நின்று, பிறகு அம்மாவின் கைக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். நுழைந்தவுடன் மூக்கைச் சுளித்தாள். எங்களைப் போல அருவருப்பில் சுளிக்கவில்லை. அடுப்பில் குழம்பு அடிபிடிக்கிறது என்று கண்டுகொண்டவள் முகம் எப்படி மாறுமோ அப்படி மாறியது.

"இன்னா லட்சுமி, இது எத்தன நாளா இப்டி சொட்டுது?" என்றாள்.

அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. அத்தை பதிலுக்குக் காத்திருக்காமல் தரையில் படுத்துக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள். மேஸ்திரி கடித்தது, எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. அவள் கையை எடுக்கவில்லை. ஒரு கோணிச்சாக்கைக் கேட்டு வாங்கி, அதில் சுருட்டி வெளியே இழுத்தாள். வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் அதன் வயிறு எப்படி உப்பியிருக்கிறது என்று தெரிந்தது. ரத்தம் வழிகிற கையாலேயே அத்தை அந்த வயிற்றைத் தடவினாள்.

"ஐயோ, கல்லு மாரி கீது. மூத்திரம் கட்டிக்கினு கெடக்குது இது. தானா போவாதுமே இதுக்கு! இடுப்பு செத்துப்போனா அதுவும் தானா போவாது. நெறைஞ்சி வழியறதுதான் சொட்டுது, உள்ள அப்புடியே நிக்குது. நாம அமுக்கித்தான் எடுக்கணும். தெனம் மூணு வேள நா அந்த மனுசனுக்கு இன்னா பண்ணிக்கினு கீறேன்னு நெனச்ச?"

தினமும் சில வேளைகளில் அவர்கள் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். மாமா குளிக்கிறார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இத்தனை வருஷமாக அந்தக் கதவுக்குள்ளேயே அத்தை வைத்திருந்ததை, ஒரு பூனைக்காக, இரண்டு ஆம்பிளைகளுக்கு முன்னால் போட்டு உடைத்துவிட்டாள். நைனா தலையைக் குனிந்துகொண்டார். ஏழுமலை மாமா சைக்கிள் மணியை ஒலிக்காமல் தடவிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ நின்றது. அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் சுவரையே பார்த்தேன்.

"இன்னாடி, மேஸ்திரிக்கும் பைப்பு அடைப்பா?" என்றது மாமாவின் குரல். கொஞ்ச நேரம் கழித்து, "பாத்து, மெதுவா அமுக்கு. உன் கையி இரும்பு" என்றது.

அத்தை அழுத்தினாள். மேஸ்திரி கத்திய கத்தல் இன்றைக்கும் கேட்கிறது. பிறகு கத்தல் நின்றது. மூத்திரம் பீறிட்டு அடித்து, சாக்கு நனைந்து, தரையில் ஓடி, நைனாவின் செருப்பு வரைக்கும் போயிற்று. போகப் போக அதன் காது நிமிர்ந்தது, இறுக்கமாக இருந்த கழுத்து இளகி அத்தையின் முழங்கையில் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் என் தட்டிலிருந்த சோற்றை, மோர்ச்சோறு, பூனை தொடாத சோறு, நக்கிச் சாப்பிட்டது.

அம்மா வாசற்காலிலிருந்து கையை எடுத்தாள். எடுத்தது அவளுக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நைனா செருப்பைக் கழுவி மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போய் மாமாவைப் புரட்டிவிட்டு, அப்படியே கிளம்பினார். "மேஸ்திரி பர்மிஷன் குடுத்துட்டாருக்கா" என்று ஏழுமலை மாமா சொன்னார்.

எல்லோருக்கும் அன்றைக்கு ஒரு பாரம் இறங்கியது. எனக்கு மட்டும் ஏறியது. அது வலியில்தான் உறுமியது, பாறையைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது என்றால், நைனாவுக்கு எப்போது ஆபத்து வரும் என்று இந்த உலகத்தில் யாருக்குமே தெரியாது என்றுதானே அர்த்தம்? ஒரு பூனைக்காவது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது பயத்துக்கு ஓர் இடம் இருந்தது, கட்டிலுக்கு அடியில். இப்போது அது வீடு முழுக்கப் பரவிவிட்டது.

மறுநாளே அத்தை மாமாவுக்குப் போடுகிற சிவப்பு ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குக் கற்றுக்கொடுத்தாள். விலா முடிகிற இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் விரலை வைத்துத் தேடினால் எலுமிச்சம்பழம் மாதிரி ஒன்று வழுக்கும். அதைப் பிடித்து, வாலின் பக்கமாக, விடாமல், ஆனால் அவசரப்படாமல் அழுத்த வேண்டும். முதலில் என் கை நடுங்கியதில் மேஸ்திரிக்குக் கோபம் வந்து கடித்தது. "நீ பயந்தா அதுக்குத் தெரியும், இறுக்கிக்கும்" என்றாள் அத்தை. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், வந்த பிறகு, படுப்பதற்கு முன்னால் என்று அது என் வேலையாகிவிட்டது. வாசலில் தலையை நீட்டிக் கேட்பது நின்றுபோனது. மேஸ்திரியின் குணம் மட்டும் மாறவில்லை. வலி இல்லாமலும் அது கோபித்துக்கொண்டது, காரணம் இல்லாமலும் கடித்தது. அது அப்படிப்பட்ட பூனை, அவ்வளவுதான்.

சில வாரங்கள் கழித்து, ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ரப்பர் ஷீட்டை வாசலில் விரித்து மேஸ்திரியை மடியில் போட்டு அழுத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது ரொம்ப நல்ல மனசில் இருந்தது. நல்ல கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, முன்னங்காலால் என் பாவாடையைப் பிசைந்துகொண்டிருந்தது. பத்மா அத்தை எதிரில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது தரை ஆடியது. உள்ளே சொம்புகள் உருண்டன. கூரைக் கல் ஒன்று நகர்ந்து நின்றது. மேஸ்திரி தலையைத் தூக்கி, ஏன் நிறுத்திவிட்டாய் என்று என்னைப் பார்த்தது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகு அந்த மௌனம். பிறகு, நேரம் கெட்ட நேரத்தில், சங்கு.

அம்மா ஓடியதைப் பார்த்தேன், புடவையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. லைனே ஓடியது. நான் பூனையை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தேன்.

"ஒக்காரு" என்றாள் அத்தை. "பாதியில உடக்கூடாது. முடிச்சிட்டுப் போ."

"நைனா..."

"போயி இன்னா பண்ணுவ? பாறையத் தூக்குவியா? அன்னைக்கு நானும் அடுப்ப அப்புடியே உட்டுட்டுத்தான் ஓடினேன். சோறு தீஞ்சிச்சு. அதுக்காவ அந்த மனுசன் ஒரு நிமிசம் முன்னாடி மேல வந்துடல. கையில இருக்கறத முடி செல்வி."

அவள் முறத்தைக் கீழே வைக்காமல் புடைத்துக்கொண்டே சொன்னாள். ஆனால் அரிசி முழுக்க வெளியே சிந்திக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்தேன். மேஸ்திரியைத் திரும்ப மடியில் போட்டு, விரல்களால் தேடினேன். கண்ணில் ஒன்றும் தெரியவில்லை, விரலுக்கு மட்டும் தெரிந்தது. பல் கிட்டித்துக்கொண்டிருந்தது, கை மட்டும் எப்படியோ நடுங்கவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் எடுத்தேன். அத்தை வந்து தொட்டுப் பார்த்து, "ம், ஓடு" என்றாள்.

ஷாப்டில் சக்கரம் நின்றிருந்தது. நான் என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எவ்வளவோ பார்த்துவிட்டேன், நின்றுபோன அந்தச் சக்கரத்தைப் போல ஒன்றைப் பார்க்கவில்லை. அதன் கீழே லைன் லைனாகப் பெண்கள். யாரும் அழவில்லை, அழுதால் நிச்சயமாகிவிடும் என்பதைப் போல. பொழுது சாயச் சாய அங்கேயே நின்றோம். ஒரு நேரத்தில் சக்கரம் ஒரு குலுங்கு குலுங்கித் திரும்ப ஆரம்பித்தது. கேஜ் மேலே வந்து, வந்து, ஏழுமலை மாமா வந்தார், இன்னும் யார் யாரோ வந்தார்கள், அதற்கும் பிறகு நைனா வந்தார். இமையெல்லாம் வெள்ளைத் தூசி. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்தார், பிடித்த கையை முகர்ந்தார்.

"கையக் கழுவிட்டு வந்தியா?" என்றார்.

எங்கள் லைனில் எல்லோரும் திரும்பினோம். நடந்து போகும் வழியில் வேறொரு லைனிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. நைனா என் கையை இறுக்கினாரே தவிர அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நம் வீடு இல்லை என்று என் மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததே, அதற்கு நான் பயந்த பயம் தனி.

நான் எட்டாவது முடிக்கும்போது சுரங்கத்தை மூடிவிட்டார்கள். படிப்பை விட்டுவிட்டு ஆண்டர்சன்பேட்டையில் ஒரு டெய்லர் கடைக்குக் காஜா எடுக்கப் போனேன். நைனா பெங்களூரில் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போனார். ஊரே விடிவதற்கு முன்னால் ரயிலேறத் தொடங்கியது. இனி அவர் தரைக்கு மேலேதானே இருக்கிறார் என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரயிலைப் பற்றிப் பயப்பட ஆரம்பித்தேன். மேஸ்திரி அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தது. ஒரு குளிர்காலக் காலையில் ரப்பர் ஷீட்டின்மேல் வெயிலில் படுத்திருந்தபடியே போய்விட்டது. நைனா லைனுக்குப் பின்னால் குழி தோண்டினார், தோண்டிக்கொண்டே இருந்தார். "பூனைக்கு எதுக்கு மச்சான் இவ்ளோ ஆழம்?" என்று ஏழுமலை மாமா கேட்டதற்கு, "எனக்குக் கம்மியா தோண்டத் தெரியாதுடா" என்றார்.

இன்று கோவிந்தன் மாமா இல்லை, அவருக்குப் பின்னால் பத்மா அத்தையும் இல்லை. அவர்கள் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். மண் சுவரை இடித்துச் செங்கல் சுவர் எழுப்பிவிட்டார்கள், தும்மினால் கேட்பதில்லை. சங்கு ஊதுவதில்லை. சக்கரம் துருவேறி நிற்கிறது, அது நின்றதைப் பார்த்து இப்போது யாரும் எங்கும் ஓடுவதில்லை. பக்கத்தில் சுரங்கத்துக் கழிவைக் கொட்டி வைத்த வெள்ளை மண்மேட்டிலிருந்து காற்றடித்தால் மட்டும் பழையபடி தூசி வரும். அம்மா போன பிறகு நைனா என்னோடுதான் இருக்கிறார். மதியத்தில் அவர் ரொம்ப நேரம் தூங்கினால், மார்பு ஏறி இறங்குகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அவருக்குத் தெரியும். கண்ணைத் திறக்காமலே, "கீறேன், கீறேன், போ" என்பார்.

என் மகள் பெங்களூரில் வேலைக்குப் போகிறாள், தினமும் அதே ரயில். எனக்குப் பார்க்கச் சக்கரம் இல்லாததால் போனைப் பார்க்கிறேன், அவள் கடைசியாக எப்போது தன் போனைப் பார்த்தாள் என்று அதில் வரும். நேற்று மதியம் வரைக்கும் அது மாறவே இல்லை. அடித்தேன், எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். களிக்கு வைத்த உலை கொதித்துக்கொண்டிருந்தது, மாவைப் போட்டுவிட்டேன், துடுப்பு பாதியில் நின்றது. ஸ்டேஷனுக்கு ஓடலாமா என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். பிறகு திரும்பி வந்து களியைக் கிண்டி முடித்தேன். கட்டி விழாமல் வந்தது. நைனாவுக்கு உருண்டை பிடித்து வைத்தபோதுதான் போன் அடித்தது.

"இன்னாம்மா, எத்தன மிஸ்டு கால்! மீட்டிங்ல இருந்தேன், ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க."

"ஒண்ணுமில்ல. சாப்ட்டியான்னு கேக்கத்தான்."

வைத்துவிட்டுப் போனைக் கட்டிலின்மேல் போட்டேன். போட்ட கையோடு, ஏன் என்று தெரியாமல், குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். அரிசி மூட்டையும் ஓடாத ஒரு மிக்சியும் இருந்தன.